போட்டோவுக்கு வெளியே நின்றவர்

அவர் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. முப்பது வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து போன மனுஷன். ஒருநாள் கூட "இது வேணும்" என்று அந்த வாயிலிருந்து வந்தது கிடையாது. கேட்பதற்குப் பதிலாக எதையாவது கொண்டுவந்து வைப்பார். ஒரு பை வேர்க்கடலை, இரண்டு கட்டு முளைக்கீரை, நாலு தேங்காய். வாசற்படியில் கரண்டு மீட்டருக்குக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பக்கமா வந்தேன், அதான்" என்பார். அதற்கப்புறம் நாங்கள்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், இவருக்கு என்ன வேண்டுமோ என்று.

நாங்கள் சேவூரில் பட்டு நெய்கிற குடும்பம். புடவை நன்றாக ஓடிய காலத்தில் அப்பா ஏரிக்கு இந்தப் பக்கம் எண்பது சென்ட் நிலம் வாங்கிப் போட்டார். எதற்கு வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர்தான் இவர். எழுத்து, பத்திரம் ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு இவ்வளவு என்று அப்பா சொன்னார், இவர் தலையாட்டினார், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

நெட்டையான ஆள். தேவிகாபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவார். அது பாதி நாள் அவரைச் சுமக்கும், மீதி நாள் அவர் அதைத் தள்ளிக்கொண்டு வருவார். படியேறமாட்டார். ஆனாலும் படிக்குக் கீழே நின்று ஒரு குச்சியால் காலில் ஒட்டின சேற்றை விரல் விரலாகச் சுரண்டிவிட்டுத்தான் நிமிர்வார். உள்ளே வரப்போகாத காலை எதற்குச் சுத்தம் செய்கிறார் என்று நான் சிரிப்பேன். பேசும்போது ஆளைப் பார்த்துப் பேசமாட்டார், தறியைப் பார்த்துத்தான், அதில் நீளவாக்கில் ஏற்றின பாவு நூலைப் பார்த்துத்தான் பேசுவார். "இந்தப் பாவு எத்தினி பொடவைக்குமா?" "மூணுண்ணா." "ஆவட்டும், ஆவட்டும்." அந்த "ஆவட்டும்" எல்லாவற்றுக்கும் பொது. மழை பெய்தாலும் ஆவட்டும், பெய்யாவிட்டாலும் ஆவட்டும்.

அவர் கொண்டுவருவதைப் படிக்கிறதில் எங்கள் அம்மா கெட்டிக்காரி. பஞ்சாங்கம் சொல்கிற மாதிரிச் சொல்லுவாள். "வேர்க்கடலையா? மோட்டார் காயில் எரிஞ்சிருக்கும். கீரைன்னா குத்தகைக்கு ரெண்டு மாசம் டயம் வேணும். தேங்கா கொணாந்தாருன்னா வூட்ல யாருக்கோ ஒடம்பு சரியில்ல, பணத்த எடு ஜல்தி." பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். தப்பிய அந்த ஒரு தடவையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஒரு தை மாசம் பெரிய பரங்கிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அம்மாவின் பஞ்சாங்கத்தில் பரங்கிக்காய் கிடையாது. மனுஷனை வாசலில் நிறுத்திவிட்டு அப்பாவும் அம்மாவும் உள்ளே அரைமணி நேரம் ஆலோசனை நடத்தினார்கள். கடைசியில் அப்பா வெளியே வந்து இருநூறு ரூபாயைக் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார். மறுநாள் காலையில் ஒரு வாழைத்தார், வெற்றிலை பாக்குத் தட்டு, தட்டில் அதே இருநூறு ரூபாய், பக்கத்தில் அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்யா, பத்திரிகை வெக்க வந்த மனுசன், வாயத் தொறந்து சொன்னா இன்னா? முத்தா உதுந்துடும்?"

"ஆசையா நீட்டுனாரு. வேணாம்னு சொன்னா அவரு மனசு இன்னா ஆவும்? அதான் வாங்கிகினு போய்ட்டேன்."

அந்தக் கல்யாணத்துக்கு நான்தான் புடவை நெய்தேன். அதையும் அவர் கேட்கவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தறியைப் பார்த்துக்கொண்டு நின்றார், நானாகப் புரிந்துகொண்டு, "பொண்ணுக்கு அரக்குப் புடிக்குமா பச்சை புடிக்குமாண்ணா?" என்றேன். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டுக்கும் ஜரிகைக்கும் ஆன காசை நாலு தவணையில் கடைசிப் பைசா வரை கொடுத்தார். கூலியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அதைச் சொல்லிக்காட்ட இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அது நடந்தது, அதனால் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருதரம் நேராகவே கேட்டேன். "ஏண்ணா, எதுன்னா வேணும்னா வாயால கேக்கக் கூடாதா? எங்களயும் இப்படிப் பேஜார் பண்றியே."

சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "கேட்டுட்டா நீங்க ஒண்ணு தரணும், இல்லாட்டி இல்லன்னு சொல்லணும். இல்லன்னு சொல்றது லேசுப்பட்ட காரியமாம்மா? அந்தக் கஷ்டத்த எதுக்கு ஒருத்தர் தலையில கட்டணும். வெச்சிட்டுப் போனா, முடிஞ்சவங்க செய்யப் போறாங்க, முடியாதவங்க சும்மா இருந்துடலாம். யாருக்கும் வருத்தம் இல்ல பாரு."

எனக்கு அப்போது அது பெரிய மனசாகத் தெரிந்தது. எத்தனை வீட்டு வாசலில் எத்தனை "இல்லை" கேட்டு வளர்ந்த ஆள் இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருப்பார் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். நிலம் என் பெயருக்கு வந்தது. பட்டாவில் என் பெயரைப் பார்த்தபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது. வரப்பில் நடந்தால் வழுக்கி விழுகிறவள் நிலத்துக்காரி! இவர் அதற்குள் நெல்லை விட்டுச் சம்பங்கிக்கு மாறியிருந்தார். கிழங்கு நட்டுவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை, தினம் பூ, தினம் காசு. இருட்டோடு எழுந்து அவரும் அவர் மனைவியும் பறித்து மூட்டை கட்டி ஆரணி பூக்கடைக்குப் போட்டுவிடுவார்கள். கல்யாண மாசத்தில் நல்ல விலை. ஒரு விதத்தில் அவருக்கும் எங்களுக்கும் ஒரே முதலாளிதான். எங்கோ யாருக்கோ கல்யாணம் நடந்தால் அவர் பூ மாலையாகும், எங்கள் புடவை கூறைப்புடவையாகும்.

அப்புறம் கொரோனா வந்தது.

கல்யாணம் நின்றது. மண்டபம் பூட்டு, கோவில் பூட்டு. பட்டு கொடுத்து எங்களை நெய்யவைக்கிற முதலாளி பாவு தருவதை நிறுத்தினார். "இருக்கற பொடவையே அடுக்கி வெச்சிகினு கீறேன், இன்னும் நெய்து இன்னா பண்றது" என்றார். தறிக்குழியில் பூனை படுத்துக்கொண்டது. கைக்குழந்தை இருந்த வீட்டில் கூடப் பால் வாங்குவதை நிறுத்தினார்கள் எங்கள் தெருவில். மளிகைக்கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார்.

ஒருநாள் அவர் நடந்தே வந்தார். மொபெட்டில் வந்தால் போலீஸ்காரர் லத்தியால் அடிக்கிறார் என்று வயல் வழியாகவே வந்திருக்கிறார். முகத்தில் துண்டைச் சுற்றி, தலையில் ஒரு மூட்டை. மீட்டருக்குக் கீழே இறக்கினார். பூ. மூட்டை நிறையச் சம்பங்கி.

"இன்னாண்ணா இது?"

"பறிக்காம உட்டா செடி கெட்டுடும்மா. பறிச்சா வாங்க ஆளில்ல. வரப்புல கொட்டிகினு கீறோம். இந்தப் பக்கமா வந்தேன், அதான்."

பூவுக்கு அர்த்தம் சொல்ல அம்மா இல்லை. ஆனால் அது எனக்கே புரிந்தது. "இந்த வருசம் குத்தகை வேணாம்ணா" என்றேன். "ஆவட்டும்" என்றார், தறியைப் பார்த்து. தறி சும்மா கிடந்ததால் பாவைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு நாள் வீடெல்லாம் கல்யாண வீட்டு வாசனை, மூன்றாம் நாள் அழுகல் நாற்றம். வாரித் தெருக்கோடியில் கொட்டினேன்.

சில மாசம் கழித்துத்தான் அந்த நிவாரணச் செய்தி வந்தது. ஊரடங்கில் பயிர் வீணான விவசாயிகளுக்கு அரசாங்கம் பணம் போடுகிறது. பட்டாவில் யார் பெயரோ அவர் வங்கிக் கணக்கில் நேராக ஏறிவிடும். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்து, "எழுந்து பொடவய மாத்து, நெட் சென்டருக்குப் போணும்" என்றார்.

"அது பயிர் வெச்சவருக்குத்தானே?"

"பட்டா யார் பேர்ல கீது? உன் பேர்ல. அப்ப நீதான் விவசாயி."

நெட் சென்டரில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பயிர் வெச்சது நீங்கதானேக்கா?" அவள் நிமிரக்கூட இல்லை. நான் ஆமாம் என்றேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. முதல் பொய்க்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு உறுத்தாதோ என்னவோ. ஒரு வாரத்தில் ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்தார். நிலத்தைப் பார்க்க வேண்டும், விவசாயி நிலத்தில் நிற்கிற மாதிரிப் போட்டோ எடுத்துப் போனிலேயே ஏற்ற வேண்டும் என்றார். பைக்கில் அந்த ஆபீஸ்காரர் முன்னால் போக, நானும் வீட்டுக்காரரும் பின்னால் போனோம். அந்த நிலத்தில் நான் கால் வைத்து ஏழெட்டு வருஷம் இருக்கும்.

இவர் அங்கே களை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சட்டென்று, "நம்ப ஆளுதான், பாத்துக்கறாரு" என்றார். கூலிக்காரர் என்று அர்த்தம் வருகிற மாதிரி. இவருக்குக் காதில் விழுந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உள்ள போய் நில்லுங்கம்மா" என்றார் ஆபீஸ்காரர். முதல் நாள் மழை பெய்திருந்தது. எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் செருப்போடு வரப்பில் நின்று முழித்தேன். இவர்தான் வந்தார். "அங்க சேறும்மா. இப்டி வா, இங்க கெட்டியா கீது. செருப்ப கழட்டிடு, போட்டோவுல நல்லா இருக்காது." கையை நீட்டினார், பிடித்துக்கொண்டு இறங்கினேன். அந்தக் கை அப்படி ஒரு சொரசொரப்பு.

"பூவு கொஞ்சம் கையில வெச்சிக்கோங்க" என்றார் ஆபீஸ்காரர். இவரே ஓடிப்போய் நல்ல பூவாக நாலு தண்டு ஒடித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லு. போட்டோவுல உழற."

இரண்டடி தள்ளினார். "இன்னும்" என்றார் ஆபீஸ்காரர். இன்னும் தள்ளினார். கடைசியில் வாய்க்கால் ஓரத்துக்கே போய்விட்டார்.

"எத்தினி நாளைக்கு ஒரு தடவ பறிப்பீங்கம்மா?"

எனக்குத் தெரியவில்லை. இவர் பக்கம் பார்த்தேன்.

வாய்க்கால் ஓரத்திலிருந்து குரல் வந்தது. "தெனமும்ங்க."

"தினமும்" என்றேன் நான். அதை ஆபீஸ்காரர் போனில் தட்டிக்கொண்டார். எந்த மருந்து அடிக்கிறீர்கள் என்றார். அதற்கும் வாய்க்கால் ஓரத்திலிருந்துதான் பதில். நான் கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னேன். வெட்கங்கெட்டவள்! அப்போதே போட்டோ வேண்டாம் என்று சொல்லி ஏறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பூவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தேன், அந்த ஆள் சிரிக்கச் சொன்னார் என்று.

பணம் வந்தது. பாதியாவது அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சத்தியமாக நினைத்தேன். மளிகைக்கடை பாக்கி, கேஸ், கரண்டு என்று மூன்று நாளில் கரைந்தது. அந்த வாரம் அவர் கத்திரிக்காய் கொண்டுவந்து வைத்தார். ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அதை வாங்கின பிறகு அவர் மீதியைப் பற்றி நினைக்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் நிலத்தில் பத்து நாள் தண்ணீர் நின்றது. கிழங்கு முழுக்க அழுகிப் போனது. மூன்று வருஷத்துப் பயிர், அத்தனையும் போச்சு. மறுபடி நட வேண்டுமானால் கையில் காசு வேண்டும். வட்டிக்கு வாங்கினதே ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நிவாரணத்தின் இரண்டாவது தவணை குத்தகைக்காரர்களுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். நிலத்துக்காரர் இன்னார்தான் பயிர் வைக்கிறார் என்று ஒரு லெட்டர் கொடுக்க வேண்டும். அதை வைத்து வி.ஏ.ஓ. அடங்கலில், அதாவது பயிர்க் கணக்கில், அவர் பெயரை எழுதுவார். எழுதிவிட்டால் நிவாரணமும் வரும், சொசைட்டியில் பயிர்க்கடனும் கிடைக்கும். அவருக்கு வேண்டியதெல்லாம் என்னுடைய ஒரு கையெழுத்து.

அடுத்த தடவை வந்தபோது மீட்டருக்குக் கீழே கொஞ்சம் சுண்டைக்காய் வைத்தார். பையைக் காலி பண்ணும்போது அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே அவருடைய ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் ஜெராக்ஸ், யாரோ நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்த லெட்டர். கீழே என் பெயர், அதற்கு மேலே கையெழுத்துக்கு இடம். இதற்குப் பஞ்சாங்கம் தேவையில்லை.

வீட்டுக்காரர் அதைப் பிடுங்கிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குப் புத்தி கீதா? அடங்கல்ல அந்தாளு பேரு ஏறிச்சின்னு வெய்யி, நாளைக்கு நெலத்த உட்டு எழுந்திரிக்க மாட்டான். குத்தகைக்காரன்னு கோர்ட்டுக்குப் போனா நம்பளால ஒண்ணும் பண்ண முடியாது. மனை போடறவங்க வெல பேசிகினு கீறாங்க. பேரு இருந்தா ஒருத்தன் வாங்குவானா?"

"அந்த மனுசன் கோர்ட்டுக்குப் போறவரா? ஒரு டம்ளர் தண்ணி கேக்க மாட்டாரு!"

"அவரு போமாட்டாரு. அவரு மருமவன் போவான்."

சண்டை போட்டேன். இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஆனால் கையெழுத்துப் போடவில்லை. பேனா என் வீட்டில் இல்லாமல் இல்லை, என் கையை யாரும் கட்டிவைக்கவும் இல்லை. மனை போடுகிறவர்கள் சொன்ன விலை என் காதிலும் விழுந்திருந்தது. கவரை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

கடைசியாக அவர் வந்தது மார்கழிக் கடைசியில். தை முகூர்த்தங்களுக்காகப் பாவு தர ஆரம்பித்திருந்தார்கள், நான் தறியில் இருந்தேன். மொபெட் சத்தம் கேட்கவில்லை, குச்சியால் கால் சுரண்டுகிற சத்தம்தான் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். கை வெறுங்கை. முப்பது வருஷத்தில் அவர் ஒன்றும் கொண்டுவராமல் வந்தது அன்றைக்குத்தான். நிலத்தில் கொண்டுவர ஒன்றும் இல்லை. அவரால் முடிந்த அளவுக்கு அதுதான் கேட்பது. வாயால் கேட்டிருந்தாலும் அவ்வளவு உரக்கக் கேட்டிருக்காது.

நான் நிமிரவில்லை. கரையில் ஜரிகை அறுந்த மாதிரி, அதை முடிகிற மாதிரி, குனிந்தே இருந்தேன். ஜரிகை அறுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"இந்தப் பாவு எத்தினி பொடவைக்குமா?"

"மூணு."

"ஆவட்டும்."

போய்விட்டார். தலையை நிமிர்த்தியபோது படிக்குக் கீழே சேறு மட்டும் இருந்தது. மனுஷன் முடியாதென்று சொல்லும் கஷ்டத்தைக்கூட எனக்கு வைக்காமல் போனார். அதற்காக அவர் மேல் கோபம் கூட வந்தது எனக்கு. வாயைத் திறந்து கேட்டிருந்தால் நானும் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருப்பேனே என்று. எப்படிப்பட்ட நியாயம் பாருங்கள்!

பொங்கல் கழித்து அவர் நிலத்துக்கு வரவில்லை. சென்னைப் பக்கம் ஏதோ குடோனில் வாட்ச்மேனாகப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். வட்டிக்குக் கொடுத்தவர்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்களாம். கோடையில் கொரோனா இரண்டாம் தடவை வந்தது. அதில் அவர் அங்கேயே இறந்துபோனார். உடம்பு ஊருக்கு வரவில்லை. எங்கோ எரித்துவிட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்களாம். எனக்குச் செய்தி வந்து சேரவே ஒரு மாசம் ஆனது.

பஸ் ஓடத் தொடங்கியதும் துக்கம் கேட்கப் போனேன். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் தனியாகத்தான் போனேன். அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை பொய்யில்லை. அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உங்களத்தாம்மா கடேசி வரிக்கும் சொல்லிகினு இருந்தாரு. அந்தம்மா தங்கம், கொண்டு போனதும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க, ஆபீஸ்லதான் இன்னாவோ சொல்லி நிறுத்தி வெச்சிட்டாங்கன்னு. நீங்க செஞ்சீங்கம்மா. எங்க தலையெழுத்துக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க."

பெண்டாட்டியிடம் போய் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவள் என்னைத் திட்டக்கூடாது என்று சொன்னாரா, தன்னால் கேட்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுச் சொன்னாரா, இன்றைக்கு வரை தெரியாது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே மூடிக்கொண்டேன்.

ஆனால் அவள் அவரைப் போல இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள். "விவசாயி செத்தா குடும்பத்துக்குப் பணம் வருமாமே. அவரு பயிர் வெச்சாருன்னு காட்ட ஒரு காயிதம் கேக்கறாங்க. நீங்க போட்ட அந்த லெட்டரு காப்பி ஒண்ணு குடுங்கம்மா. இல்லாட்டி இன்னொரு வாட்டி எழுதிக் குடுங்க. வட்டிக்காரன் வூட்ட எழுதிக் கேக்கறான்."

நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கி அப்போது இருபது நாள் ஆகியிருந்தது. கிரயத்துக்குத் தேதி குறித்தாயிற்று. அந்த நேரத்தில் இன்னொரு லெட்டரா? அவள் கையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தேன்.

"லெட்டர ஆபீஸ்லயே வாங்கி வெச்சிக்கினாங்கம்மா. எங்கிட்ட காப்பி இல்ல. ஒரு லெட்டர்தான் செல்லும், ரெண்டாவது எழுதக் கூடாதுன்னுட்டாங்க. அங்கயே போய்க் கேளு, பைல்ல இருக்கும்" என்றேன்.

எப்படி அவ்வளவு கோர்வையாக வந்ததோ அந்தப் பொய்! அவள் நம்பினாள். என்னை வழியனுப்ப பஸ் நிறுத்தம் வரை வந்தாள்.

அந்த நிலம் இப்போது மனை. நம்பர் கல் நட்டிருக்கிறார்கள், இரண்டு வீடு எழும்பிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னொரு தறி வந்திருக்கிறது. அரசாங்க ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். அவர் மனைவி வாராவாரம் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள், நான் நம்பவில்லை. போன மாசம் ஆரணி டவுன் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். ரொம்ப இளைத்துவிட்டாள். கையில் மஞ்சள் பை, பையில் காகிதக் கட்டு. நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"ஆபீசரு மாறிட்டாரும்மா. புதுசா வந்தவரு நல்ல மாதிரி. பழைய பைல் மொத்தம் எறக்கித் தேடச் சொல்லிகிறாரு. நீங்க போட்ட லெட்டரு எங்க போய்டும், கெடச்சிடும், இல்லம்மா?"

"கெடச்சிடும்" என்றேன்.